மாணவர்கள் பதில் எழுதிவிட்டார்கள், அப்புறம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கல்லூரி வகுப்பறைகளில் கைபேசியை அடியோடு தடை செய்ய வேண்டும் என்று வாசகர் ஒருவர் அண்மையில் இந்தப் பகுதியில் எழுதியிருந்தார். அவருடைய ஆதங்கம் புரிகிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பொருளியல் சொல்லிக்கொடுக்கிறேன். விலை மாறினால் வாங்கும் அளவு எவ்வளவு மாறும் என்கிற தேவை நெகிழ்ச்சிப் பாடத்தை நான் நடத்திக்கொண்டிருக்க, டெஸ்குக்கு அடியில் ரீல்ஸ் ஓடுவதை நானும் தினமும் பார்க்கிறவள்தான். ஆனால் கைபேசியைப் பிடுங்கி வைத்துவிட்டால் மட்டும் பிள்ளை பாடத்துக்குள் வந்துவிடுவதில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். அதே கைபேசியில் கேள்வி அனுப்பிப் பதில் வாங்கும் ஒரு கூகுள் ஃபார்மையோ, எல்லாரும் சேர்ந்து எழுதும் கட்டம் போட்ட ஒரு ஷீட்டையோ திறக்க வைத்தால், மூன்று வருடமும் வாய் திறக்காமலே பட்டம் வாங்கிப் போய்விடக்கூடிய பிள்ளைகள் எழுத ஆரம்பிக்கிறார்கள். கூடவே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஃபார்ம் அனுப்புவது இன்று எல்லாக் கல்லூரிகளிலும் நடக்கிறது. பிள்ளைகள் எழுதிய பதில் என்ன ஆயிற்று என்று அவர்களுக்கே திரும்பிச் சொல்வது மட்டும் நடப்பதில்லை. நான் பேச நினைப்பது பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

எங்கள் பிள்ளைகள் ஒட்டன்சத்திரம், வேடசந்தூர், நத்தம், நிலக்கோட்டை, சின்னாளபட்டி, சிறுமலை என்று நாலா பக்கத்திலிருந்தும் பஸ் பிடித்து வருகிறவர்கள். பலருக்கு வீட்டில் அவர்கள்தான் முதல் பட்டதாரி. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு, இங்கே வந்து ஆங்கிலப் பாடப்புத்தகத்தைப் பார்த்து மலைத்துப் போகிறவர்கள். "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டால் ஒரு கை எழாது. சந்தேகம் இல்லாமல் இல்லை. எழுந்து நின்று தப்பாக ஒரு வாக்கியம் சொல்லிவிட்டால் பக்கத்துப் பெஞ்சு சிரிக்குமே என்ற கூச்சம். அந்தக் கூச்சம் பெண் பிள்ளைகளிடம் இன்னும் அதிகம்.

வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரே ஒரு கேள்வி உள்ள ஃபார்மை அனுப்புவேன். "இன்றைக்கு எது புரியவில்லை?" பெயர் கேட்பதில்லை, மின்னஞ்சல் கேட்பதில்லை. தமிழில் எழுதலாம், ஆங்கிலத்தில் எழுதலாம், ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தாலும் சரி. தட்டச்சு வராதவர்கள் மைக்கை அழுத்திப் பேசியே எழுதிவிடுகிறார்கள். அப்படி ஒரு நாள் வந்த பதில் இது: "மேம், கணக்குல எக்ஸ் மாறினா ஒய் மாறும்னு படிச்சோம். இங்க விலை மாறினா அளவு மாறுதுன்னு சொல்றீங்க, ஆனா விலையை ஒய் ஆக்ஸிஸ்ல போடறீங்க. அதுலயே நின்னுட்டேன்." இதே குழப்பத்தை வேறு வேறு வார்த்தைகளில் இன்னும் பலரும் எழுதியிருந்தார்கள்.

எவ்வளவு சரியான கேள்வி பாருங்கள். கணிதத்தில் எது காரணமோ அது கிடைமட்ட அச்சில் வரும். பொருளியலில் மட்டும் விலை செங்குத்து அச்சில் உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலேயப் பொருளியல் அறிஞர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890இல் வெளியிட்ட தமது நூலில் அப்படி வரைந்தார், அவருக்குப் பின் வந்த பாடப்புத்தகங்கள் எல்லாம் அந்த வழக்கத்தையே பிடித்துக்கொண்டன. இதைத் தெரிந்துகொள்ளாமலேயே எத்தனை பேர் விலைக்கும் வாங்கும் அளவுக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் தேவைக் கோட்டை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியிருப்பார்கள்! மறுநாள் வகுப்பில் முதல் வேலையாக அந்தப் பதிலைத் திரையில் காட்டி, விளக்கிவிட்டுத்தான் அடுத்த பாடத்துக்குப் போனேன். எழுதியது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் தான் எழுதியதைக் கையில் வைத்துக்கொண்டு ஆசிரியர் பேசுகிறார் என்பது எழுதிய பிள்ளைக்குத் தெரியும். அடுத்த வாரம் ஃபார்மில் பதில்கள் நீளமாக வந்தன.

ஷீட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு மிகவும் பிடித்த வேலை அதுதான். நுகர்வோர் விலைக் குறியீட்டெண் என்று ஒரு பாடம் உண்டு. குடும்பங்கள் வாங்கும் பொருள்களின் விலை மொத்தத்தில் எவ்வளவு ஏறியது என்று காட்டும் எண் அது. புத்தகத்தில் இரண்டு பக்கச் சூத்திரம். அதை நடத்தும் முன்பு, ஒவ்வொருவரும் தங்கள் ஊரில் தக்காளி, சின்ன வெங்காயம், தேங்காய், அரிசி, பால் என்ன விலை என்று வாரம் ஒரு முறை பதியச் சொன்னேன். எல்லாம் ஒரே ஷீட்டில் சேரும். கைபேசியின் சின்னத் திரையில் ஷீட்டின் கட்டங்களைத் தேடித் தொட்டு எழுதுவது சிரமம். அதனால் ஃபார்மில் அவர்கள் நிரப்ப, அது தானாக ஷீட்டில் போய் விழும்படி வைத்திருந்தோம். வகுப்பில் புரொஜெக்டரில் ஷீட் திறந்திருக்கும். வரிகள் ஒவ்வொன்றாகக் கீழே சேர்ந்துகொண்டே வருவதை எல்லாரும் சேர்ந்து பார்ப்போம்.

முதல் வாரமே வேடிக்கை ஆரம்பித்துவிட்டது. ஒருவர் கிலோ விலை போட்டிருக்கிறார். ஒருவர் "கூறு இருபது ரூபாய்" என்கிறார். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பிள்ளை பெட்டி விலையைப் போட்டிருக்கிறது. "பெட்டின்னா எத்தனை கிலோ?" என்று வகுப்பே கேட்க, "பதினாலு கிலோ" என்று கடைசி பெஞ்சிலிருந்து பதில் வருகிறது. அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. கூறுக்கு எடை உண்டா, காலையில் ஒரு கூறும் சாயங்காலம் ஒரு கூறும் ஒன்றா என்று பெரிய விவாதம். உழவர் சந்தைப் பலகை விலையை எடுப்பதா, தெருவில் வண்டிக்காரர் சொல்லும் விலையை எடுப்பதா என்று இன்னொரு விவாதம். 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது எதற்காக என்ற கதையை அந்த இடத்தில் சொன்னபோது, இடைத்தரகர் என்ற சொல்லுக்கு நான் தனியாக விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் ஒரு வரி வந்தது. தக்காளி விலை என்ற இடத்தில் மற்றவர்கள் போட்டதைவிட மிகமிகக் குறைவாக ஒரு எண். தட்டச்சுப் பிழை என்று நினைத்து ஒரு மாணவன் அதைத் திருத்தச் சொன்னான். முன் பெஞ்சில் இருந்த ஒரு பெண் எழுந்தாள். அய்யலூர்ப் பக்கம். "தப்பில்ல மேம். நாங்க தக்காளி வாங்குறதில்ல, விக்கிறோம். அப்பாவுக்குக் கிடைச்ச விலை அது."

வகுப்பு ஒரு நிமிடம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தது. ஃபார்மில் இன்னொரு கேள்வி சேர்க்க வேண்டும் என்று பிள்ளைகளே சொன்னார்கள்: "இது வாங்கிய விலையா, விற்ற விலையா?" அன்றிலிருந்து எங்கள் ஷீட்டில் அந்தக் கேள்விக்கும் ஒரு நெடுவரிசை இருக்கிறது. விற்கும் வீட்டுப் பிள்ளைகள் வகுப்பில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே அதற்குப் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியதும், சென்னையில் ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு அரசு விற்றதும் செய்தியாக எல்லாருக்கும் நினைவிருந்தது. விலை இல்லாமல் தக்காளியைச் சாலையோரத்தில் கொட்டிவிட்டுப் போகும் நாட்களை அந்தப் பெண் சொன்னாள். இரண்டும் ஒரே பொருளின் கதை என்பதை நான் கரும்பலகையில் எத்தனை கோடு போட்டாலும் இவ்வளவு தெளிவாகக் காட்டியிருக்க முடியாது.

குடும்பச் செலவைப் பற்றியும் ஒரு கணக்கெடுப்பு வைத்தோம். இதில் பெயர் கிடையாது, வருமானம் எவ்வளவு என்ற கேள்வியும் கிடையாது. செலவு நூறு ரூபாய் என்றால் சாப்பாட்டுக்கு எவ்வளவு, வாடகைக்கு, மருத்துவத்துக்கு, பஸ்ஸுக்கு, படிப்புக்கு எவ்வளவு என்று மட்டும். குடும்ப வருமானம் கூடக்கூட, சாப்பாட்டுக்குப் போகும் பங்கு குறையும் என்று ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கெல் 1857இல் சொன்னது எங்கள் பாடத்தில் இருக்கிறது. 2012ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட விலைக் குறியீட்டெண் வரிசையில், உணவு மற்றும் பானங்களுக்கு ஊரகப் பகுதியில் 54.18, நகரப் பகுதியில் 36.29 என்று எடை, அதாவது நூறு ரூபாய்ச் செலவில் அதற்கு உள்ள பங்கு, கொடுத்திருந்தார்கள். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துத் தங்கள் வீட்டைப் பார்க்கச் சொன்னேன். நகரத்தில் குடியிருந்தும், செலவில் ஏறக்குறைய பாதி சாப்பாட்டுக்கே போய், ஊரகக் கணக்குக்குப் பக்கத்தில் நிற்கும் வீடுகள் இருந்தன. எங்கெல் சொன்னது பிள்ளைகளுக்குச் சட்டென்று விளங்கியது.

அதைவிட முக்கியமான ஒன்று "மற்றவை" என்ற கட்டத்தில் வந்தது. "குழு லோன்", "வாரக் கட்டு", "நகைக் கடன் வட்டி" என்று வரிசையாக. பதிலைப் பார்த்ததும் ஒரு மாணவன், "மேம், அரசாங்கக் கணக்குல இதுக்கு எடை எவ்வளவு?" என்று கேட்டான். கடனைத் திருப்பிக் கட்டுவது நுகர்வுச் செலவில் சேராது, ஆகவே குறியீட்டெண்ணுக்காக எடுத்துக்கொள்ளும் பொருள்களின் பட்டியலில் அதற்கு இடமில்லை என்று விளக்கினேன். "அப்ப எங்க வீட்டுல திங்கக்கிழமை போற காசு எந்தக் கணக்குல வரும்?" என்றான். பட்டப் படிப்பு வகுப்பில் கேட்கப்பட வேண்டிய கேள்வி இதுதான் என்று நான் நம்புகிறேன். கடன் குறித்து, சில வீடுகளை மட்டும் தேர்ந்தெடுத்துக் கேட்கும் அரசின் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தனியாகச் சுற்றுகள் நடத்துகிறது என்பதிலிருந்து, 1950இல் புள்ளியியலாளர் மகலனோபிஸ் காலத்தில் அந்தக் கணக்கெடுப்பு தொடங்கிய வரலாறு வரைக்கும் அன்று பேசினோம். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

எல்லாரிடமும் நல்ல கைபேசி இருக்கிறதா என்று கேட்பார்கள். இல்லை. சிலரிடம் திரை உடைந்த கைபேசி, சிலரிடம் இடம் நிரம்பிப்போய் எதையும் திறக்காத கைபேசி. சிறுமலைப் பிள்ளைகளுக்கு வீட்டில் சிக்னல் சரியாக வராது. அவர்கள் விலையை நோட்டில் எழுதிவந்து கீழே இறங்கியதும் பதிவார்கள். வகுப்பில் கேள்வி கேட்கும்போது பெஞ்சுக்கு ஒரு கைபேசி போதும் என்று வைத்துவிட்டேன். அதில் ஒரு நன்மையும் இருக்கிறது. மூன்று பேர் சேர்ந்து ஒரு பதிலை அழுத்த வேண்டும் என்றால் முதலில் அவர்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மாசூர் என்ற இயற்பியல் பேராசிரியர் 1990களின் தொடக்கத்திலிருந்து செய்வதும் ஏறக்குறைய இதைத்தான்: ஒரு கேள்வி கேட்டு மாணவர்களைப் பதில் சொல்லச் சொல்வார், பிறகு பக்கத்திலிருப்பவரோடு வாதாடச் சொல்வார், திரும்பவும் அதே கேள்விக்குப் பதில் வாங்குவார். இரண்டு பதில்களுக்கும் நடுவில்தான் படிப்பு நடக்கிறது. இரண்டு ஃபார்ம் இருந்தால் நம்மூர் வகுப்பிலும் இதைச் செய்துவிடலாம்.

குழுவாக எழுதும் அசைன்மென்டுக்குக் கூகுள் டாக் மிகவும் உதவுகிறது. நான்கு பேர் பெயரைப் போட்டு ஒருவரே எழுதிக் கொண்டுவரும் பழைய வழக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். எல்லாரும் தங்கள் கணக்கில் உள்நுழைந்து எழுதியிருந்தால், பகிர்ந்த டாக்கில் பழைய திருத்தங்களைக் காட்டும் வெர்ஷன் ஹிஸ்டரியைத் திறந்தால் யார் எப்போது எதை எழுதினார்கள் என்று வண்ணம் வண்ணமாகத் தெரியும். மார்க்கைக் குறைப்பதற்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது என் அபிப்பிராயம். ஒரு வரிகூட எழுதாத பையனைக் கூப்பிட்டு விசாரித்தபோது, சாயங்காலம் ஜவுளிக்கடையில் நின்றுவிட்டு வீட்டுக்குப் போக இரவு பத்து மணியாகிறது என்றான். அவனுக்கு வேறு வேலை பிரித்துக் கொடுத்தோம். மார்க்கெட்டில் விலை கேட்டு வருவது அவன் பொறுப்பு ஆயிற்று. யாராவது கை தவறி மொத்தத்தையும் அழித்துவிட்டாலும் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம் என்பதால் பிள்ளைகள் பயப்படாமல் கை வைக்கிறார்கள். உள்நுழையாமல் லிங்க் வழியாக வருகிறவர்களை ஏதாவது ஒரு விலங்கின் பெயரில் அந்த டாக் காட்டும். அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேதான் முதல் நாள் எழுதத் தொடங்குவார்கள்.

இனி, எனக்கு வருத்தம் தரும் பக்கம். பருவம் முடியும்போது வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு லிங்க் வரும். "எல்லாரும் இன்னைக்கு ராத்திரிக்குள்ள ஃபீட்பேக் போட்டுடுங்க" என்று ரெப், அதாவது வகுப்புப் பிரதிநிதி, பத்து முறை நினைவூட்டுவார். நிரப்பாவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது என்று சொல்லும் கல்லூரிகளும் உண்டு. எத்தனையோ கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து வட்டங்கள். பிள்ளைகள் மேலிருந்து கீழ்வரை ஒரே வட்டத்தைத் தொட்டுவிட்டு அனுப்பிவிடுவார்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. மேலே மின்னஞ்சல் முகவரி பதிவாகும் என்று எழுதியிருக்கும்போது, கல்லூரியே போடும் 25 மதிப்பெண் இன்டர்னலைக் கையில் வைத்திருக்கும் ஆசிரியரைப் பற்றி எந்தப் பிள்ளை உள்ளதை உள்ளபடி எழுதும்? பிறகு அது வட்டப் படங்களாக மாறி, அச்சாகி, கோப்புக்குள் போய்ப் பீரோவில் உட்கார்ந்துவிடும். எழுதிய பிள்ளை அதைப் பார்ப்பதே இல்லை.

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) அமைப்பின் மீது குற்றம் சொல்ல நான் இதை எழுதவில்லை. 1994இல் தொடங்கப்பட்ட அந்த அமைப்பு, 2017இல் திருத்திய மதிப்பீட்டு முறையில் மாணவர் திருப்திக் கணக்கெடுப்பைச் சேர்த்தது நல்ல நோக்கத்தோடுதான். மாணவர்களின் மின்னஞ்சலுக்கு நேரடியாகக் கேள்விகள் போகின்றன. வட்டங்களைத் தொட்டு முடித்த பிறகு, கடைசியில் பிள்ளைகள் தங்கள் யோசனைகளைச் சொந்த வார்த்தையில் எழுதவும் ஓர் இடம் இருக்கிறது. எனக்குக் கேட்டால் முன்னால் உள்ள எல்லாக் கேள்விகளையும்விட அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் மதிப்பு அதிகம். கல்லூரிகள் தாங்களாக நடத்தும் கருத்துக் கேட்பிலும் பின்னூட்டத்தை அலசி என்ன நடவடிக்கை எடுத்தோம் என்று காட்டச் சொல்கிறார்கள். அந்த நடவடிக்கை அறிக்கை மதிப்பிட வரும் நாக் குழுவுக்குக் காட்டுவதற்காக மட்டும் தயாராவதுதான் கோளாறு. அதை முதலில் காட்ட வேண்டியது மாணவர்களிடம்.

எங்கள் துறை அளவில் சிறியதாக ஒன்றைச் செய்து பார்த்தோம். முதல் ஹவருக்குப் பலர் தாமதமாக வருகிறார்கள் என்று ஆசிரியர்கள் எல்லாருக்குமே கோபம். ஏன் என்று பெயரில்லாத ஒரு ஃபார்மில் கேட்டோம். சோம்பல், தூக்கம் என்று வரும் என எதிர்பார்த்தவர்கள் இருந்தார்கள். வந்ததோ பஸ் கதை. 2021இலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆகவே பெண் பிள்ளைகள் முன்னால் வரும் காசு பஸ்ஸை விட்டுவிட்டு, இலவச பஸ்ஸுக்காக நிற்கிறார்கள். தினமும் மிச்சமாகும் அந்தக் காசுதான் அவர்களுடைய ஜெராக்ஸ் செலவு, மதிய டீச் செலவு. ஒரு பெண் எழுதியிருந்தாள்: "முதல் பஸ்ல வந்தா அம்மாகிட்ட காசு கேக்கணும். கேக்க மனசு வரல."

பஸ் நேரத்தை மாற்ற எங்களால் முடியாது. வகுப்புத் தேர்வை முதல் ஹவரிலிருந்து மூன்றாவது ஹவருக்கு மாற்ற எங்களால் முடிந்தது. மாற்றினோம். அதை அறிவிப்புப் பலகையில் ஒரு தாளில் ஒட்டினோம்: நீங்கள் சொன்னது இது, நாங்கள் செய்தது இது, எங்களால் முடியாதது இது, போக்குவரத்துக் கழகக் கிளைக்கு மனு கொடுத்திருக்கிறோம். அந்தத் தாளைப் பிள்ளைகள் நின்று படித்தார்கள், படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தார்கள். அடுத்த முறை ஃபார்ம் அனுப்பியபோது ரெப் யாரையும் விரட்ட வேண்டியிருக்கவில்லை. நூலகம் எத்தனை மணிக்கு மூடுகிறது, பெண்கள் கழிப்பறையில் தண்ணீர் எப்போது நிற்கிறது, எந்த வகுப்பில் மின்விசிறி ஓடவில்லை என்று எழுதித் தள்ளிவிட்டார்கள். ஒவ்வொன்றும் யாராவது ஒருவர் போய்ப் பார்த்துச் சரிசெய்யக்கூடிய விஷயம்.

ஆபத்தான ஒரு வழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். உதவித்தொகைக்கு, அடையாள அட்டைக்கு, சுற்றுலாவுக்கு என்று ஒரு ஷீட்டைத் திறந்து, லிங்க் இருக்கும் யாரும் திருத்தலாம் என்று வைத்து, குரூப்பில் போட்டுவிடுகிறார்கள். பெயர், கைபேசி எண், ஆதார் எண், சாதி, வங்கிக் கணக்கு எண், முகவரி எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். தன் வரியை நிரப்பப் போகும் பிள்ளை வகுப்பிலுள்ள எல்லாருடைய வரியையும் பார்க்கிறது. லிங்க் வகுப்புக்கு வெளியேயும் போகிறது. அப்படி ஒரு ஷீட்டிலிருந்து எண்ணை எடுத்து யாரோ ராத்திரியில் கூப்பிட்டுத் தொல்லை கொடுத்ததாக ஒரு மாணவி என்னிடம் வந்து அழுதாள். எண்ணை மாற்ற வேண்டியதாயிற்று. வீட்டில் சொன்னால் படிப்பையே நிறுத்திவிடுவார்களோ என்று அவளுக்குப் பயம். அந்தப் பயம் கற்பனை இல்லை என்பது இந்தப் பகுதியில் வேலை பார்க்கிற ஆசிரியர்களுக்குத் தெரியும். யாருடைய சாதி என்ன என்பதை வகுப்பு முழுக்கப் பரப்பிவைப்பதும் நம் ஊரில் சாதாரண விஷயமா?

இதற்கு மாற்று மிக எளிது. விவரங்களை ஃபார்மில் வாங்கினால் ஒவ்வொருவரும் தங்களுடையதை மட்டும்தான் எழுதுவார்கள். ஷீட்டைப் பொறுப்பாளர் ஒருவர் மட்டும் பார்ப்பார். அதிலும் பதில் சுருக்கத்தை எல்லாருக்கும் காட்டும் வசதி அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தேவையில்லாத விவரத்தைக் கேட்காமல் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியிருக்கிறது. எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லி, அதற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. முதல்வர்களும் துறைத்தலைவர்களும் தங்கள் அலுவலகத்திலிருந்து போகும் ஷீட்டுகளை இந்த வாரமே ஒரு முறை திறந்து பார்த்து, பகிர்வை மூடிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். 2011இல் விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கினார்கள். கொரோனா காலத்தில், 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை, அரசு மற்றும் உதவிபெறும் கல்லூரிகளில் படித்த 9 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டா கொடுத்தார்கள். கருவியும் டேட்டாவும் பெரிய உதவி, மறுக்கவில்லை. வகுப்பறைக்குள் எட்டும் வைஃபையும், துறைக்கு ஒரு புரொஜெக்டரும், இதையெல்லாம் பழகாத மூத்த ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சியும் கூடவே கிடைத்தால், கையிலிருக்கும் கைபேசியே வகுப்பறைக் கருவி ஆகிவிடும். அந்தப் பயிற்சியில் பொத்தான்களை மட்டும் காட்டினால் போதாது. எந்தக் கேள்வியைப் பெயரோடு கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது, வந்த பதிலை வகுப்புக்கு எப்படித் திருப்பிச் சொல்வது என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுக்களுக்கும் சொல்கிறேன். பொருளியல், வணிகவியல், சமூகப்பணி, புவியியல், தாவரவியல் எதுவானாலும் சரி, இன்டர்னல் அசைன்மென்டில் ஒன்றையாவது மாணவர்கள் தங்கள் ஊரிலிருந்து தாங்களே திரட்டிச் சேர்த்தெழுதிய பொது ஆவணமாக ஏற்றுக்கொள்ளும்படி விதியைத் திருத்துங்கள். இப்போது கையால் எழுதிய பத்துப் பக்கம் கேட்கிறோம். பிள்ளைகள் கூகுளில் தேடி அப்படியே எழுதிவருகிறார்கள், நாம் கையெழுத்துப் போடுகிறோம். எங்கள் விலை ஷீட்டில் இருக்கும் ஒரு வரியைக்கூட வேறு எங்கிருந்தும் காப்பியடிக்க முடியாது.

கைபேசியைத் தடை செய்யச் சொன்ன வாசகரை எங்கள் வகுப்புக்கு ஒரு நாள் வரும்படி அன்போடு அழைக்கிறேன். செவ்வாய்க்கிழமை இரண்டாவது ஹவரில் விலை ஷீட்டைத் திறப்போம். அவருடைய தெருவில் அன்றைக்குச் சின்ன வெங்காயம் என்ன விலை என்று மட்டும் கேட்டு வந்தால் போதும், ஒரு வரி சேர்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பொருளியல் உதவிப் பேராசிரியை ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்.